தண்ணீர் குடித்த பூதம்

வின்னெபா ஊரின் வீடியோ கொட்டகையில் மத்தியானக் காட்சியாக அந்தக் காட்டுப் பூதப் படத்தைப் போட்டபோது, பூத வேஷத்தைத் தைத்த எசி பென்ட்சிவா கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். உடம்பு அரிசிச் சாக்கு, பல் தேங்காய் ஓடு, முதுகில் ஒரு ஜிப். எல்லாம் அவள் கைவேலை.

பக்கத்தில் இருந்த மீன்காரி அராபா, நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பாரு, முதல்ல குடிகாரன் போவான். அடுத்து, 'பூதமாவது கீதமாவது'ன்னு சிரிச்சாரே, அந்த வாத்தியார்."

அப்படியே ஒருவர்பின் ஒருவராகப் பூதத்தின் வாயில் போனார்கள். பூதம் திரும்பியதும் ஜிப் பளபளத்தது. கொட்டகையே சிரித்தது.

"யாராவது அதுக்கு ஜிப்பை இழுத்து விடுங்கப்பா, குளிரப்போகுது!" என்று அராபா கத்தினாள். எசிக்குக் காது சுட்டது.

கதாநாயகியைத் துரத்திவந்த பூதம் ஆற்றங்கரையில் சட்டென்று நின்றது. படம் எடுத்த அன்று, சாக்குக்குள் பூதமாக நடித்த எபோ வெயில் தாங்காமல் மண்டியிட்டுத் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டான். மறுபடி எடுக்க வசதியில்லாத இயக்குநர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

திரையில் அந்தப் பெரிய தலை தாழ்ந்தது. ஒரு மிடறு, இன்னொரு மிடறு. தோள்கள் ஏறி இறங்கின. சிரித்தவர்களெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"ஐயோ, அதுக்கும் தாகம் எடுக்குதே அக்கா" என்று முணுமுணுத்த அராபா, எசியின் கையை இறுகப் பிடித்தாள்.

ஒவ்வொரு தையலையும் அறிந்தவள் எசி. ஆனாலும் பூதம் ஈர முகத்தைத் தூக்கி நேரே பார்த்தபோது, உள்ளே எபோ இருப்பது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை.