அறுபத்தோராவது மாமியார்

உஸ்பெகிஸ்தானின் கோகந்து நகரில் பெண் கேட்டு வந்தவர்கள் ரொட்டியை முறித்துப் பங்கிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. மாப்பிள்ளையின் தாய் சும்ராத் இரண்டு உறவுக்காரப் பெண்களோடு வந்திருந்தாள். தேநீர் குடித்தாள், உலர்திராட்சை தின்றாள். நடுவில் இருந்த ரொட்டியின் பக்கம் மட்டும் அவள் கை போகவில்லை.

ஹோசியத் காத்திருந்தாள். அறுபத்தொரு காதல் நாவல்கள் எழுதியவள் அவள். மகள் மோஹிரா கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"உங்க புதுக் கதையப் படிச்சேன்," என்றாள் சும்ராத். "அதுல வர்ற மாமியா, விருந்தாளி போனதும் மிச்ச பாதாமை எண்ணி டப்பாவுல போடுறா."

"கதைதானே சம்பந்தி. எங்க வீட்டுல நானே அப்படித்தான். என்னைத்தான் எழுதினேன்."

"அந்தப் பச்சைத் தகர டப்பாவும் உங்களோடதுதானா?"

சும்ராத்தோடு வந்த ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஹோசியத் அவளுடைய கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். மாப்பிள்ளை ஜசூர் தன் அம்மாவின் பச்சை டப்பாவைப் பற்றி விளையாட்டாகச் சொன்னதை மோஹிரா மாவு பிசைந்துகொண்டே இவளிடம் சொல்லியிருந்தாள். அன்று தாயும் மகளும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த வாரமே அது அத்தியாயமாகிவிட்டது. யாருடைய டப்பா என்று எழுதும்போது தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால் பையன் மாட்டிக்கொள்வான். அவனும் மோஹிராவும் தனியாகச் சந்தித்ததும் வெளியே வரும்.

"பொண்ணு தங்கம்," என்றாள் சும்ராத். "ஆனா அவ என் வீட்டுல பாக்கறதெல்லாம் நாளைக்கு சந்தையில விலைக்கு வரும்னா எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம். எழுதறத விட்டுடுங்க. இப்பவே ரொட்டிய முறிக்கிறேன்."

மகளுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கும் தாய்மார்களை ஹோசியத் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். அவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். இவளுக்கு வார்த்தை வர வெகுநேரம் ஆயிற்று. கதவுக்கு அடியில் மோஹிராவின் பாதங்களின் நிழல் தெரிந்தது.

"விட்டுடறேன்."

சும்ராத் ரொட்டியை முறித்தாள். ஒரு துண்டை ஹோசியத்திடம் நீட்டிவிட்டு, விரிப்பில் சிந்திய துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அந்த விரல்களுக்கு ஒரு வாக்கியம் ஹோசியத்துக்குள் தானாக உருவாகி நின்றது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு ஜசூர் தொலைபேசியில் அழைத்தான். மோஹிரா முற்றத்துக்குப் போய்ப் பேசினாள். நடுவில் வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி வந்து கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினாள்.

"என்னடி சொன்னான், அப்படிச் சிரிச்சே?"

மோஹிரா நிமிரவில்லை.

"ஒண்ணும் சொல்லலம்மா."