பிடி கொடுக்காதவர்

துவைக்கப் போட்ட கால்சட்டைகளின் பையைத் திருப்பிப் பார்ப்பது அவளுடைய பழக்கம். சில்லறை வரும், பஸ் டிக்கெட் வரும், சில நாள் பித்தளைச் சீவல் வந்து விரலைக் குத்தும். இன்றைக்குப் பின்னறையின் சாவி வந்தது. வாளி நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் அதை ஈரக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த அறைக்கு வெறும் தாழ்ப்பாள்தான். பூட்டு வந்ததே இந்த மழைக்காலத்துக்குப் பிறகு. எதற்கு என்று கேட்டதற்கு, "எலி வருது" என்றார் கணவர். எலிக்குப் பயந்து பூட்டுப் போட்ட முதல் மனிதர் இவராகத்தான் இருக்கும்.

அவர் பம்பு செய்கிற தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். பகலெல்லாம் இரும்பைக் கடைந்துவிட்டு வந்து, வீட்டிலும் ஒரு குட்டி லேத்தை வைத்துக்கொண்டு கடைவார். காற்றுத் துப்பாக்கிதான் அவருடைய பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காகித வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதற்கென்று ஒரு கிளப் இருக்கிறது. அங்கே இவர் சுடுவதைவிட அடுத்தவர் துப்பாக்கியைத் திருத்துவதுதான் அதிகம். கடையில் வாங்குவது எல்லோர் கைக்கும் பொதுவாக வரும். அதை ஒரு கைக்கு என்று ஆக்குவதில் இவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். விரல் படுகிற விசைக்குப் பித்தளையில் நாக்கு வைப்பார், குழலின் முனைக்கு எடைக்கட்டி கடைவார். எல்லாவற்றுக்கும் மேலே கைப்பிடி. மரத்தில் செதுக்கி, பசை அப்பி, அது இறுகுவதற்குள் கையை அழுத்தி அச்செடுத்து, பிறகு அரமும் உப்புத்தாளுமாக வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். முடிந்தபின் அது அந்த ஒரு கைக்குத்தான் சேரும். அடுத்தவர் பிடித்தால் செருப்புக்குள் கல் சிக்கிய மாதிரி உறுத்தும். கிளப்பில் அவருக்குப் பட்டப்பெயரே பிடிக்காரர். வீட்டில் அவள் வைத்த பெயர் வேறு. பிடி கொடுக்காதவர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்", "ஆகட்டும்" என்ற இரண்டே சொல்லில் குடும்பத்தை நடத்திவிடுவார்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தாள். எண்ணெய் வாசனையும் மரத்தூள் வாசனையும் வந்தன. எலி இருந்த சுவடே இல்லை. மேசைமேல் அரங்கள் எப்போதும் போல நீளவாரியாகப் படுத்திருந்தன. பழந்துணியால் மூடி ஒரு கைப்பிடி, இன்னும் மெருகு போடாதது. எடுத்து வலது கையில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு இடமே இல்லை. அவள் தையற்காரி, ரவிக்கையின் கையை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டால் துணி எப்படி முறுக்கிக்கொள்ளும் என்று தெரிந்தவள். இது இடது கைக்குச் செய்த பிடி. அலமாரியில் இருந்த அவருடைய பழைய பிடியைப் பக்கத்தில் வைத்து, கழுத்தில் தொங்கிய டேப்பால் இரண்டையும் சுற்றி அளந்தாள். புதியது ஒரு சுற்று சின்னது. ஆக, அவர் கை இல்லை.

இடது கைக்காரி ஒருத்தியை அவளுக்குத் தெரியும், கேள்விப்பட்ட வகையில். "கிளப்புல ஒரு பல் டாக்டரம்மா இருக்காங்க. இடது கை. அவங்களுக்குப் பிடி செய்றது தனி சவால்" என்று சென்ற வருஷம் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான், அதனால் மறக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வந்தது. ஆயுள் முழுக்கச் சட்டை போட்ட மனிதர் இப்போது கழுத்து வழியாக மாட்டுகிற டீ-ஷர்ட்டுக்கு மாறிவிட்டார், அதுவும் கலர் கலராக. கண்ணாடி முன் நின்று தானே சவரம் செய்துகொண்டிருந்தவர் சலூனுக்குப் போகிறார். காபி கொடுத்தால் "அரைக் கோப்பை போதும்" என்கிறார், தொப்பையைக் குறைக்கிறாராம். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்விடுகிறார். முன்பெல்லாம் அவளுடைய தையல் மெஷினுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது அவர்தான். இப்போது "கண்ணு சரியில்ல" என்று நழுவுகிறார். அதே கண்தான் தெருக்கோடியில் வருகிற பஸ்ஸின் எண்ணைப் படிக்கிறது.

தங்கைக்குப் போன் செய்தாள்.

"அக்கா, டீ-ஷர்ட்டும் சலூனும் சேர்ந்து வந்தா அது நல்லதுக்கில்ல" என்றாள் தங்கை. "நேரா போய் அந்தக் கையைப் பாத்துடு. அவர்கிட்ட கேட்டா என்ன சொல்லுவாருன்னுதான் உனக்குத் தெரியுமே."

"ஆகட்டும்னுவாரு."

"அதான்."

விசாரித்துக் கண்டுபிடித்த பல் மருத்துவமனை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. பிடியை ரவிக்கைத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். முறை வந்ததும் உள்ளே போய், எந்தப் பல் என்று கேட்டதற்குப் பொத்தாம்பொதுவாக ஒரு கன்னத்தைக் காட்டினாள். டாக்டரம்மா அவள் நினைத்த மாதிரி இல்லை. அவளைவிட மூத்தவள், தலையில் பாதி நரை. ஆனால் கருவியை இடது கையில்தான் எடுத்தாள். புருஷனைப் பறித்துக்கொண்டவள் என்று நினைக்கிற ஒருத்திக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பதைப் போன்ற கேவலம் வேறு உண்டா என்று இருந்தது. கண்ணுக்கு மிக அருகில் அந்தக் கை போய்ப் போய் வந்தது. சின்னக் கை, குழந்தைக் கை மாதிரி.

"பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு. எங்க வலிக்குது?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். துணியைப் பிரித்துப் பிடியை நீட்டினாள். டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

"பிடிக்காரர் வீட்டம்மாவா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" வாங்கித் தன் இடது கையைச் செருகிப் பார்த்தாள். விரல்கள் மறுபக்கம் வந்து சேரவில்லை. கை பிடிக்குள் ஆடியது. "இது யாருக்கு? என் கை இதுல ரெண்டு புகும். எனக்குத்தான் போன வருஷமே செஞ்சு குடுத்துட்டாரே."

"கிளப்புல வேற யாரும் இடது கை..."

"நான் ஒருத்திதான். இது ஆம்பளைக் கை, நல்ல பெரிய கை." பிடியைத் திருப்பிக் கொடுத்தவள் கொஞ்சம் தயங்கினாள். "அவருக்கு இப்ப எப்படி இருக்கு? சுடறதையே விட்டுட்டாரே. வந்து கடைசி பெஞ்சில உக்காந்துக்கறார், ரெண்டு கையையும் கக்கத்துல வச்சுக்கிட்டு. கேட்டா கண்ணு சரியில்லைங்கிறார். நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிடியை மடியில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டில் ஒரு மனிதன் கைகளைக் கம்பியில் போட்டுக்கொண்டு தூங்கினான். வலது கை தடிமனாக, இடது கை அதைவிடக் கொஞ்சம் மெலிந்து. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. எத்தனை பேருக்குச் சட்டை தைத்திருக்கிறாள். எப்போதும் வலது கையைத்தான் அளப்பாள். அதற்குப் போதுமானது இடது கைக்கு எப்படியும் போதும். வேலை செய்யாத கை ஒரு சுற்று ஒல்லியாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா. இடது கைப் பிடியைக் கொண்டுபோய் வலது கைப் பிடியோடு வைத்து அளந்திருக்கிறாள். இது அவருடைய இடது கைக்கு.

பொத்தான், சவரக்கத்தி, ஊசி, நிறைந்த கோப்பை. கண் இல்லை, கை. வலது கை நடுங்குகிறது. அது யாருக்கும் தெரியக் கூடாதென்று இத்தனை நாடகம். முதலில் மனசு லேசானது, வெட்கம் வந்தது, அந்த நரைத்த தலை டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. பிறகு பயம் வந்து அதையெல்லாம் தள்ளிவிட்டது. சுழல்கிற இரும்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க அந்தக் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். தொழிற்சாலையில் தெரிந்தால் அன்றைக்கே லேத்தைவிட்டு இறக்கிவிடுவார்கள். தெரியாவிட்டால் இன்னும் மோசம். யாரோ ஒருத்தி இருந்திருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருக்கலாம், என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவையும் தன்னிடம் மறைத்தார் என்பதில் கோபமும் இருந்தது, அதுவும் சின்னக் கோபம் இல்லை.

வீட்டுக்கு வந்து பிடியைப் பழந்துணிக்கு அடியில் இருந்தபடியே வைத்துப் பூட்டினாள். வைப்பதற்குமுன் ஒருமுறை அந்தக் குழிகளில் விரலை ஓட்டிப் பார்த்தாள். மோதிரவிரல் குழியில் ஓரிடம் கொஞ்சம் மேடாக இருந்தது. கல்யாணமான புதிதில் இரும்புத் தகடு கிழித்து, அவள்தான் மஞ்சள் நிற மருந்து தடவிக் கட்டுப்போட்ட இடது கை விரல். அந்தத் தழும்பின் பள்ளம் தங்குவதற்காக மேட்டை அரத்துக்குத் தப்பவிட்டிருந்தார்.

அவர் பச்சை டீ-ஷர்ட்டில் வந்தார், வலது கை பைக்குள். வந்ததும் அறைக் கதவுப் பக்கம் போய்விட்டு, காலியான பையைத் தடவிக்கொண்டே திரும்பினார்.

"சாவி துவைக்கப் போட்டதுல இருந்துச்சு. சாப்பாட்டு மேசைமேல இருக்கு" என்றாள் அடுப்பைப் பார்த்தபடி.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரங்கள் லேசாக இடம் மாறுகிற சத்தம் கேட்டது. ஒரு தையலைப் பிரித்தாலே அவளுக்குத் தெரிந்துவிடுகிற மாதிரி, மேசையில் ஒரு துணி நகர்ந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். வெளியே வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"உள்ள போனியா?"

"எலி இருக்கான்னு பாத்தேன்."

அவர் அவளையே பார்த்தார். பகலெல்லாம் அவள் கண்ணில் இருந்த சந்தேகம் இப்போது அவர் கண்ணுக்குப் போய்விட்டது.

"இருந்துச்சா?"

"தெரியல. பிடிபடல."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எழுந்து பின்னறைக்குப் போய்விடலாமா என்று யோசிப்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் காபியை அரைக் கோப்பை மட்டும் ஊற்றினாள். கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், கோப்பையை மெதுவாகத் திருப்பினாள், அதன் காது அவருடைய இடது பக்கம் வரும்வரை. பிறகு எதிரே உட்கார்ந்து, நூல் கோக்காத ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் கோப்பையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஆடை படிய ஆரம்பித்திருந்தது.