மனநலப் பட்டியல்

மாணவர்களின் மனநலத்தைக் காக்க ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று எண்பத்தேழில் உத்தரவு வந்தது. பாப்பாரப்பட்டிப் பக்கத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றிலிருந்து தையல் டீச்சர் ராஜமேரியை அனுப்பினார் தலைமையாசிரியர் கோவிந்தன். கணக்கு வாத்தியாரை அனுப்பினால் போர்ஷன் கெட்டுப்போகுமாம். பிள்ளைகளின் மனசுக்குத் தையல் டீச்சர் போதும் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

ராஜமேரி சந்தோஷமாகத்தான் போனாள், ஒன்பதாம் வகுப்பு வஹிதாவுக்காக. அம்மா இறந்து ஆறு மாதமாகியும் அந்தப் பெண் வகுப்பில் வாயே திறப்பதில்லை. தையல் வகுப்பில் மட்டும் ஒருநாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "டீச்சர், எங்கம்மா கூப்புடற மாதிரியே காதுல கேக்குதுங்க. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க," என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் ராஜமேரி தருமபுரி பஸ் ஏறினாள்.

சென்னையிலிருந்து வந்த நிபுணர் மூன்று நாளும் சைக்ளோஸ்டைல் தாளைப் பார்த்து வாசித்தார். மாணவன் மலர் என்றார், ஆசிரியர் தோட்டக்காரர் என்றார். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் டிரான்ஸ்பர் கதை பேசினார்கள். செத்துப்போன அம்மாவின் குரல் கேட்கிறது என்று சொல்லும் பெண்ணிடம் என்ன பேசுவது என்று ராஜமேரி எழுந்து கேட்டாள். "கேள்வி நேரம் மூணாம் நாள் சாயங்காலம்," என்றார் நிபுணர். மூன்றாம் நாள் சாயங்காலம் குரூப் போட்டோ எடுத்தார்கள். போண்டா சூடாக இருந்தது, அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

போகும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்ட மாணவர்களின் பெயரை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தால், சேலத்திலிருந்து டாக்டர் வந்து பார்ப்பாராம். ராஜமேரி மூன்று பெயர் எழுதினாள். வஹிதாவின் பெயர்தான் முதலில். மேலே சிவப்பு மையில் 'ரகசியம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

ஆனால் அந்தப் பள்ளியில் பட்டியல் என்று எது வந்தாலும் காலைப் பிரேயரில் வாசித்தாக வேண்டும். ஸ்காலர்ஷிப், தடுப்பூசி, தலையில் பேன் இருப்பவர்கள், எல்லாம் மைக்கில்தான். பதினொரு வருஷமாக அதே மைதானத்தில் நின்று கேட்டவளுக்கு இது தெரியாததல்ல. டாக்டர் வருகிறார் என்ற ஆசையில் மறந்துபோனாள்.

திங்கட்கிழமை கோவிந்தன் மைக்கைத் தட்டினார். "மனநலம் சரியில்லாதவங்க மூணு பேரு முன்னாடி வாங்க. வஹிதா, சின்னம்மாள், மாது. பயப்படாதீங்க, டாக்டரு வராரு. மத்த பசங்க யாரும் இவங்களைக் கிண்டல் பண்ணக் கூடாது, ஆமா!"

வஹிதா முன்னால் வந்து நின்றாள். நானூறு பிள்ளைகள் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் கடைவீதி வரைக்கும் சேதி போய்விட்டது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. டாக்டரும் வரவில்லை.

ராஜமேரி ஆபீஸ் ரூமில் போய்ச் சத்தம் போட்டாள். "ரகசியம்னு எழுதியிருந்தேனே சார்!"

"அதை எங்க வாசிச்சேம்மா? பேரை மட்டுந்தான வாசிச்சேன்," என்றார் கோவிந்தன். மாதக் கடைசியில் மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பினார்: பாதிக்கப்பட்டோர் மூவர், தற்போது இருவர், பயிற்சியால் நல்ல முன்னேற்றம்.

மூளை இருக்க வேண்டிய இடத்தில் இந்த மனுஷனுக்கு மைக்கை வைத்துவிட்டான் ஆண்டவன் என்று திட்டிக்கொண்டே ராஜமேரி வஹிதா வீட்டுக்கு நடந்தாள். அவளுடைய அப்பா முகம்மது கவுஸ் மரியாதையாகத்தான் நாற்காலி போட்டார்.

"பைத்தியம்னு பள்ளிக்கோடமே சொன்னப்புறம் எப்டிங்க டீச்சர் அனுப்பறது? நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்க வேணாமுங்களா?"

"எல்லாம் எங்க எச்.எம். பண்ண வேலைங்க பாய். அந்தாளுக்கு..."

கதவோரம் வந்து நின்ற வஹிதா குறுக்கிட்டாள். "பேரை யாருங்க டீச்சர் எழுதிக் குடுத்தது?"

கோவிந்தனைத் திட்டச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எதுவும் இப்போது உதவவில்லை. வெட்கமாக இருந்தது. "நாந்தான்," என்றாள் ராஜமேரி.

"உங்ககிட்ட மட்டுந்தானுங்க சொன்னேன்," என்று சொல்லிவிட்டு வஹிதா உள்ளே போனாள்.