பலகைக்கு அடியில் ஒரு பெட்டி

ஜெஸிந்தாவின் குரலை நான்கு மாதம் நான் திருத்திக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாமல். இதைச் சொல்லும்போதே என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனாலும் நல்ல புருஷன் என்று ஊரில் எனக்கு இருக்கும் பெயரை இனியும் சும்மா வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

ஃபோர்ட் கொச்சியில் அவள் பாடுவாள், நான் வயர் இழுப்பேன். பக்கவாத்தியம் யாரும் கிடையாது. அவள் காலடியில் ஒரு பலகை, அதன்மேல் வரிசையாக மிதிக்கும் பெட்டிகள். ஒரு வரி பாடிவிட்டு லூப்பரை மிதித்தால், அது அந்த வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடும். அதன்மேல் இன்னொரு வரி, அதன்மேல் வாயாலேயே ஒரு தாளம். ஐந்து நிமிடத்தில் அவள் ஒருத்தியே சர்ச்சில் பாடும் முழு கொயர் ஆகிவிடுவாள்.

எந்தப் பெட்டிக்குப் பின் எந்தப் பெட்டி என்பதில்தான் சூட்சுமம். எதிரொலிப் பெட்டியை லூப்பருக்கு முன்னால் வைத்தால் ஒவ்வொரு வரியோடும் அது ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. பின்னால் வைத்தால் எல்லா வரிகளின் மீதும் மொத்தமாக விழும், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான். குழம்பில் உப்பு கூடினால்கூட அவள் பேசாமல் சாப்பிட்டுவிடுவாள். எதிரொலி இடம் மாறினால் வீடு ரெண்டாகும்.

ஏப்ரலில் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போய்விட்டது, கூடவே மேல் ஸ்தாயியும் போய்விட்டது. உயரமான ஸ்வரத்துக்குப் போனால் குரல் ஒரு நூல் கீழே இறங்கி நின்றது. எர்ணாகுளத்தில் குரல் பயிற்சி கொடுக்கும் லேகா என்ற பெண்ணிடம் வாரம் இருமுறை போய்வந்தாள். உதட்டைப் படபடவென்று அடிப்பது, குழாய் வழியாகத் தண்ணீரில் ஊதுவது என்று வீட்டில் என்னென்னவோ செய்தாள். ஆகஸ்டில் ஒரு நாள் பலகையை மிதித்து மூன்று வரி பதிந்தாள், கேட்டாள், எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் திறந்துவிட்ட சத்தத்துக்கு மேலே அழுகை கேட்டது.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அதுதான் உண்மை, ஆனால் அது சமாதானம் ஆகாது.

சுருதி விலகினால் இழுத்துச் சரிசெய்யும் சின்னப் பெட்டி ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. அதைப் பலகைக்கு அடியில் தலைகீழாக ஒட்டினேன். லூப்பருக்குப் பின்னால் வைத்தால் நாலு குரல் சேர்ந்து வரும்போது எதைத் திருத்துவது என்று அதற்குப் புரியாது. அதனால் முன்னால் வைத்தேன். அவள் காதில் மாட்டும் இயர்போனுக்கும் திருத்திய குரலையே அனுப்பினேன். மறுநாள் அவள் பாடினாள். வரி சுத்தமாகத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை பாடிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

குரல் ஒரு பொட்டு பின்தங்கிக் கேட்பதாக ஒருமுறை சொன்னாள். வயர் பழசு என்றேன். புது வயர் வாங்கி மாற்றியும் காட்டினேன். திருடனுக்கு இருக்கும் சுறுசுறுப்பு எனக்கு இருந்தது.

குரல்தான் வந்துவிட்டதே என்று அவள் லேகாவிடம் போவதை நிறுத்தினாள். நவம்பரில் லேகா எனக்கு ஃபோன் செய்தாள். ஆபரேஷனில் அடிபட்ட குரல் நரம்பு தேறுவது பெரும்பாலும் முதல் வருடத்தில்தான், பயிற்சியும் அப்போது செய்தால்தான் பலன், மாதங்களை இப்படி வீணாக்கலாமா என்று கேட்டாள். ஜெஸிந்தா வெளியூரில் இருப்பதாகச் சொன்னேன். அப்போது அவள் அடுத்த அறையில் டிசம்பர் நிகழ்ச்சிக்காகப் பாடிக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று நான் ஒட்டிய பெட்டி, அவள் குரல் திரும்பி வரும் வழியையே அடைத்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி முடியட்டும், அன்றைக்கே சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்தேன். கோழைகள் எல்லோரும் அப்படித்தான் தேதி குறிப்பார்கள்.

நிகழ்ச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கில். மாலை ஐந்து மணிக்கு. மதியம் ஒலிச் சோதனை. ஏற்பாடு செய்த டெரன்ஸ் எங்களுக்குப் பல வருடப் பழக்கம், ஆனால் ஒரு இடத்தில் நிற்கமாட்டான். நான் வண்டியிலிருந்து ஸ்டாண்டு எடுக்கப் போயிருந்த நேரத்தில் அவன் அவளிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான். கடைசிப் பாட்டில் மேடையை விட்டு இறங்கி, கிடங்கிலேயே இருக்கும் கைமைக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடுவே நடந்து பாடட்டும், பின்னால் லூப் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று. அந்த மைக் நேராகக் கிடங்கின் ஒலி மிக்சருக்குப் போகிறது. என் பலகை வழியாக அல்ல.

நான் திரும்பி வந்தபோது அவள் காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். இயர்போன் கழுத்தில் தொங்கியது. ஸ்பீக்கரில் அவளுடைய நாலு குரல்கள் சுத்தமாக ஒலித்துக்கொண்டிருந்தன. ஐந்தாவதாக அவள் கைமைக்கில் பாடினாள். அது கீழே நின்றது. அவளுடைய குரலோடு அவளுடைய குரலே சேரவில்லை.

டெரன்ஸ் பதறிப்போய், மைக் பழசு சேச்சி, வேற தரேன் என்றான். நானும் ஆமாம், மைக்தான் என்றேன். கடவுளே, அப்போதும் சொன்னேன்.

அவள் மேடைக்கு ஏறி, தன் மைக்கில் அதே வரியைப் பாடிப் பதிந்தாள். சரியாக வந்தது. பிறகு இரண்டு மைக்கையும் கழற்றி வயர் மாற்றிச் செருகினாள். பழைய மைக் பலகை வழியாகச் சரியாகப் பாடியது. அவளுடைய நல்ல மைக்கில் சுருதி கீழே இறங்கியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, கோளாறு எங்கே என்று தானாகத் தெரியும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவள் அதைப் பிசகாமல் செய்தாள். எதிரொலியைக் கழற்றினாள், பாடினாள். அடுத்ததைக் கழற்றினாள், பாடினாள். கடைசியில் மைக்கும் லூப்பரும் மட்டும் மிச்சம் இருந்தன. நடுவே ஒரு வயர் மட்டும் பலகையின் துளைக்குள் இறங்கி, வேறொரு துளை வழியாக மேலே வந்தது. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, பலகையைத் தூக்கி, அடியில் கைவிட்டாள்.

பெட்டியை உரித்தெடுக்கும் சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது. டெரன்ஸ் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டான்.

"எத்தன மாசமா?"

"நாலு."

"லேகாவுக்குத் தெரியுமா?"

"இல்ல. ஃபோன் பண்ணுனாங்க. நீ ஊர்ல இல்லன்னுட்டேன்."

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் ஏதேதோ சொன்னேன். குளியலறை, அழுகை, நான் என்ன செய்வேன் என்றெல்லாம். அவள் முழுவதையும் கேட்டாள்.

"நான் அழுதா உனக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதானே?"

"ஆமா ஜெஸி."

"அப்ப இத எனக்காக வெக்கல. என் தொண்டை எப்படி இருக்குன்னு நாலு மாசம் உனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு, லெஸ்லி. எனக்குத் தெரியல. என் தொண்டை."

நான் குனிந்து, அவள் கழற்றிப் போட்ட வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன்.

நிகழ்ச்சியை ரத்து செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. டெரன்ஸைக் கூப்பிட்டு, எனக்குப் பதிலாக மிக்சரில் அவனையே உட்காரச் சொன்னாள். எல்லாப் பாட்டையும் மூன்று கட்டை இறக்கினாள். கடைசிப் பாட்டுக்குக் கைமைக் வேண்டாம் என்றாள். என்னிடம் பார்வையாளர் நாற்காலியைக் காட்டினாள்.

கல்யாணத்துக்குப் பின் அவள் கச்சேரியைக் கையில் ஒரு பட்டனும் இல்லாமல் நான் கேட்டது அன்றுதான். கீழ் ஸ்தாயியில் குரல் கரகரத்தது. ஒரு வரி பிசகியது. அவள் நிறுத்தி, அதை மட்டும் அழித்து, மறுபடி பதிந்தாள். அதுவும் பிசகியது. இம்முறை அழிக்காமல் அப்படியே ஓடவிட்டாள். அந்தப் பிசகு சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் என் கை தானாக எழுந்தது, திருகுவதற்கு எதுவும் இல்லாமல் மடியில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். முடிந்ததும் கைதட்டினார்கள். எவ்வளவு மனதிலிருந்து, எவ்வளவு மரியாதைக்கு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அந்த முதல் வருடம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்று லேகா ஃபோனில் சொன்னாளாம். முன்பே வந்திருந்தால் நல்லது, இப்போது எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாளாம். இதை ஜெஸிந்தாவே என்னிடம் சொன்னாள், சாப்பாடு போட்டுக்கொண்டே, அடுத்த வீட்டுச் செய்தி போல.

திங்கட்கிழமை காலை படகுத்துறை வரைக்கும் கூடவே போனேன். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கவுண்டரில் கையை நீட்டி, எர்ணாகுளத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.