மேல கீற கமா

லேப் கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "பெயரில் மேல் கமா போட வேண்டாம். சிஸ்டம் நின்றுவிடும். இப்படிக்கு, நிர்வாகம்." கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

ரொனால்ட் அதை இரண்டு முறை படித்தான். பக்கத்தில் அவனுடைய மாமியார் பியாட்ரிஸ், கவுண்டரில் இருந்த நிஷாவோடு வழக்கமான சண்டையைத் தொடங்கியிருந்தார்.

"டி, அபாஸ்ட்ரஃபி, சி, ஆர், யூ, இசட். அடிம்மா."

"மேடம், மேல கீற கமாவ உட்டுட்டு அடிக்கிறேன். போன தபாவும் அப்டிதான் போட்டோம்."

"போன தடவையும் தப்பாத்தான் போட்ட. முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் டீச்சர் நான். என் பேரையே தப்பா எழுதணுமா?"

"செவுத்துல கீது பாருங்க மேடம். நான் இன்னா பண்றது?"

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவை சாந்தோமிலிருந்து மந்தைவெளிக்குச் சர்க்கரை பார்க்கக் கூட்டிவருவது அவன் மனைவி சோஃபியாவின் வேலையாக இருந்தது. அவள் இறந்து ஒன்றரை வருடம். இப்போது அது ரொனால்டின் வேலை.

பிழைப்புக்கு அவன் பார்ப்பது வேறு வேலை. பெருங்குடியில் ஆபீஸ். நிறுவனங்கள் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகு, அவர்களுடைய இணையதளங்களில் எந்த வழியாகத் திருடன் நுழையலாம் என்று தேடிச் சொல்வது. ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சில சமயம் ஒரு வாரம் ஆகும். இங்கே அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

"கமா போட்டா என்ன ஆகும்?" என்று நிஷாவிடம் கேட்டான்.

"செவப்பா இன்னாமோ இங்கிலீஷ்ல வரும் சார். அப்பால ரகு அண்ணன் வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்."

"ரிப்போர்ட் பாக்குற வெப்சைட்லயும் அப்படித்தானா?"

"அதுலயும்தான்," என்றார் பியாட்ரிஸ். "எனக்கு எப்பவும் வரும். இதோ பார்." அவன் தடுப்பதற்குள் கைபேசியில் தன் எண்ணையும் முழுப் பெயரையும் தட்டிவிட்டார். வெள்ளைத் திரையில் நாலு வரி வந்தது. நடுவில் அவருடைய பெயர். அதைச் சுற்றி, டேட்டாபேஸுக்குப் போன உத்தரவு அப்படியே.

ரொனால்ட் கைபேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தான். அடுத்து என்ன தட்டினால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். தட்டவில்லை. அனுமதியில்லாமல் ஒரு படி உள்ளே வைத்தால் அவனும் திருடன்தான். ஆனால் மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் பாதிப் பேருடைய சர்க்கரையும் கொழுப்பும் கர்ப்பமும் அந்தப் பெயர்க் கட்டத்துக்குப் பின்னால் திறந்து கிடந்தன. இன்றே மூடியாக வேண்டும்.

பியாட்ரிஸ் வெறும் வயிற்று ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அவரை எதிரே இருந்த மெஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, ரகு அண்ணன் எங்கே என்று விசாரித்தான்.

ரகுபதி எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், ஃபேன் இல்லாத ஒரு மூலையில் இருந்தான். வயது முப்பதுக்குள். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"நீங்க ஹேக்கரா சார்?"

"ஹேக்கர் வர்றதுக்கு முன்னாடி வர்றவன்."

"உங்கள யாரு கூப்ட்டாங்க?"

"யாரும் கூப்பிடல." முன்பு ஒரு நிறுவனத்துக்கு இப்படித் தானாகப் போய்ச் சொல்லி, வக்கீல் நோட்டீஸ் வாங்கியிருக்கிறான். ஆனாலும் சொன்னான். "பேரை ரெண்டு மேற்கோள் குறிக்கு நடுவுல வெச்சு டேட்டாபேஸுக்கு அனுப்புறீங்க. எங்க அத்தை பேர்லயே ஒரு குறி இருக்கு. 'டி'யோட பேரு முடிஞ்சிடுச்சுன்னு அது நினைக்குது. மிச்சம் இருக்கிற 'க்ரூஸ்'ஸ உத்தரவா எடுத்துக்குது. அப்படி ஒரு உத்தரவு இல்ல, அதனால நின்னு போகுது."

"ஆமா சார். அதான் கமா போடாதீங்கன்னு..."

"க்ரூஸுக்கு பதிலா ஒருத்தன் 'எல்லார் ரிப்போர்ட்டையும் காட்டு'ன்னு நிஜமான உத்தரவ எழுதினா?"

ரகுபதி திரையைப் பார்த்தான். பிறகு எழுந்து கவுண்டருக்குப் போனான். தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, உட்காராமல் நின்றான்.

"டாக்டர் பதினோரு மணிக்கு வந்துருவாரு. தெரிஞ்சா என்ன தூக்கிருவாரு சார். இந்த சாஃப்ட்வேர வெளிய கம்பெனிக்கு குடுக்கலாம்னுதான் சொன்னாரு. நான்தான் ஒண்டியா செய்றேன்னு சொன்னேன். ரத்த டப்பா தூக்க வந்தவன் சார் நானு. வீடியோ பாத்து பாத்து கத்துக்கினேன். பெரும்பாக்கத்துலேந்து ரெண்டு பஸ்ஸு மாறி வரேன்."

"ஓட்டைய மூடிட்டு அவர்ட்ட சொல்லுங்க. ஆனா மறைக்காதீங்க. முதல்ல சைட்ட நிறுத்துங்க."

ரகுபதி நிறுத்தினான்.

"இப்ப பழைய பதிவெல்லாம் எடுங்க. வேற யாராவது இந்த வழியா வந்திருக்காங்களான்னு பாக்கணும்."

ரகுபதி பதிவுகளை எடுத்தான். இருவரும் வரிவரியாகப் பார்த்தார்கள். பாதியில் அவன் விரல் நின்றது.

"ஒருத்தன் கீறான் சார். உடாம மோதிக்கினே கீறான். நாப்பத்தோரு தபா."

ரொனால்ட் குனிந்து பார்த்தான்.

"அவன் இல்ல. அவங்க. என் மாமியார்."

ரகுபதி சிரிக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. சிரித்துவிட்டான். "இன்னா சார், ஒரு கமாவுக்கா?"

"ஒவ்வொரு தடவையும் சரியா எழுதிப் பாத்திருக்காங்க."

"ஆனா மொதல் நாலு வேற நம்பர்லேந்து வந்துகீது சார்."

சோஃபியாவின் எண். இன்னும் அவனுக்கு மனப்பாடம். "அதுவும் வீட்டு நம்பர்தான்," என்றான். "கீழ போங்க."

கீழே ஒன்றும் இல்லை. சுவரில் எழுதி வைத்தும் யாரும் நுழைந்த தடம் தென்படவில்லை. ரொனால்ட் முதுகை நிமிர்த்திக்கொண்டான். மூலையில் புழுக்கமாக இருந்தது. அது அவனுக்கு உறைக்கவில்லை.

திருத்த வேண்டிய இடங்கள் இருபத்து மூன்று. உத்தரவை முன்கூட்டியே தனியாக அனுப்ப வேண்டும், பெயரைப் பிறகு தனியாக. அப்போது பெயருக்குள் என்ன இருந்தாலும் பெயர் பெயராகவே இருக்கும். ஒன்றை மட்டும் ரொனால்ட் வாயால் சொன்னான். மற்றதை ரகுபதியே மாற்றினான். வேகமான கை. பதினெட்டாவது இடத்தில் இருக்கும்போது டாக்டர் விஜயராகவன் கதவில் நின்றார்.

"ஏண்டாப்பா, சைட் ஓடலையாமே? எல்லாரும் எனக்கு ஃபோன் பண்ணிண்டே இருக்கா. இவர் யாரு?"

ரகுபதி எழுந்து நின்று சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாராவது எடுத்துண்டு போயிட்டாளா?"

"பாத்த வரைக்கும் இல்ல டாக்டர்," என்றான் ரொனால்ட்.

"பகவான் புண்ணியம். ரெண்டு வருஷமா இதைச் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தியேடா, மண்டூகம். அப்பவே தோண வேண்டாமோ?"

ரகுபதி கிழித்த தாளைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி நீட்டினான். "கையெழுத்து உங்குளுது டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். ரொனால்டைப் பார்த்தார். "இதுல இன்னும் எத்தனை ஓட்டை இருக்கோ," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "சரி, முடி. முடிச்சுட்டு இனிமே என்ன பண்ணணும்னு இவர்ட்ட கேட்டுக்கோ."

"மிச்சத்தையும் சோதிக்கணும்னா அனுமதி எழுதிக் குடுங்க டாக்டர்," என்றான் ரொனால்ட். "நீங்க கையெழுத்துப் போடுறதுல பிரச்சினை இல்லையே."

டாக்டர் முறைத்தார். உதடு மட்டும் லேசாக வளைந்தது. அந்தத் தாளையே திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

பன்னிரண்டு மணிக்குத் தளம் திறந்தது. பியாட்ரிஸ் இரண்டாவது ரத்தமும் கொடுத்துவிட்டு, கைமடிப்பில் பஞ்சை அழுத்தியபடி வந்தார்.

"மேடம், நீங்களே அடிங்க," என்று ரகுபதி தன் நாற்காலியைக் கொடுத்தான்.

அவர் ஒரு விரலால் நிதானமாக அடித்தார். குறியையும் அடித்தார். திரை நிற்கவில்லை. 'அப்படி ஒருவர் இல்லை' என்று மரியாதையாகச் சொன்னது.

"இல்லையா? நான் இல்லையா?"

"பழசெல்லாம் கமா இல்லாம ஏறிகீது மேடம். அந்தப் பேர்ல தேடுனாதான் வருவீங்க."

"அப்போ அதை யார் திருத்துவா? உக்காரு. வருஷ வாரியா எடு. நான் சொல்லச் சொல்ல மாத்து."

ரகுபதி ரொனால்டைப் பார்த்தான். ரொனால்ட் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மெஸ்ஸுக்கு ஃபோன் செய்து மூன்று காபி சொன்னான். ஒன்று சர்க்கரை இல்லாமல்.