மேனேஜர் கக்கிய நுரை

"நம்ம மேனேஜர் நேத்து கக்கின நுரையில மூணு மாடிப் படிக்கட்டையும் கழுவி, மிச்சத்துல ஒரு காரைக் குளிப்பாட்டலாம்!" என்றார் லிஃப்ட்காரர். லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் சொல்லும் எதுவும் தரைத்தளத்தில் நின்றதில்லை.

மேனேஜர் என்பது பூனை. பகல் முழுக்கத் தூங்குவதால் வந்த பதவி.

மனைவியின் தம்பி நம்பவில்லை. அவன் டீத்தூள் கம்பெனியில் ருசி பார்ப்பவன். தன் நாக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஊரே தூங்கிவிடும். "மாத்திரை என்ன சோப்பா அத்தான்? உங்க பூனை நடிக்குது."

நடிக்கிற நிலையில் மேனேஜர் இல்லை. பீரோ மேல் சுருண்டு கிடந்தது. சில நாளாகவே வயிறு தண்ணீராய்ப் போய்க்கொண்டிருந்தது. மெத்தையில், தலையணையில், லிஃப்ட்காரரின் செருப்புக்குள்ளே கூட. அந்த நாற்றத்துக்கு ஈக்களே மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியே குடிபெயர்ந்தன. டாக்டரம்மா மலத்தைச் சோதித்து, எடை பார்த்து, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பூனை அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். "பொடிக்காதீங்க, கசப்பு தாங்காது. முழுசா விழுங்க வெச்சு, பின்னாலேயே தண்ணி குடுங்க."

லிஃப்ட்காரர் பொடித்தார். மீனில் கலந்தார். மேனேஜர் ஒரு வாய் வைத்ததுதான் தாமதம், திரைச்சீலை, டிவி, அவர் மீசை எல்லாம் வழவழவென்று நுரை. அதிலிருந்து மீனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. எதையும் தொடவில்லை.

ஃபோனில் டாக்டரம்மாவின் குரல் மாறியது. "சாயங்காலத்துக்குள்ள சாப்பிடலேன்னா தூக்கிட்டு வந்துடுங்க. பூனை பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும். காலி கேப்சூல் தரேன், அதுக்குள்ள மாத்திரையைப் போட்டுக் குடுங்க."

மனைவி ஓடிப்போய் வாங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. "அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்க படிக்கட்டுலதான் படுக்கணும்."

"கசப்பாம் கசப்பு!" என்றான் தம்பி. "நாள் பூரா கசப்புல குளிக்கிற நாக்கு இது." மாத்திரை நசுக்கிய கரண்டியில் ஒட்டியிருந்த பொடியை விரலால் வழித்து, நாக்கின் நடுவில் வைத்தான்.

முகம் பிழிந்த துணியாயிற்று. துப்பினான். தண்ணீர் குடித்தான், தண்ணீர் கசந்தது. சர்க்கரை டப்பாவுக்குள் நாக்கை விட்டான், சர்க்கரையும் கசந்தது. எச்சில் கயிறு கயிறாய் இறங்கிச் சட்டைப்பையை நிரப்ப, உள்ளே இருந்த பேனா மிதந்தது. குமட்டிக்கொண்டு ஜன்னலோரச் செடித்தொட்டிக்குப் பாய்ந்தான். செடி தலையைத் தொங்கப்போட்டது.

"நடிக்கிறியா மாப்ள?"

"உவ்வே!"

"சர்க்கரை டப்பாவையும் நாறடிச்சிட்டியே, பாவி!" என்றாள் அக்கா.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவன் பீரோவை அண்ணாந்து பார்த்தான். "இதையா அந்த வாயில்லா ஜீவனுக்குக் குடுத்தீங்க? குடுக்கா அந்த கேப்சூலை."

அவள் மேனேஜரைத் துண்டில் சுற்றிப் பிடித்தாள். அவன் அதன் வாயைத் திறந்து, மாத்திரை அடைத்த கேப்சூலை அடிநாக்கு வரை தள்ளி, மூடி, தொண்டையைத் தடவினான். அவள் ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தோரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். மளக்கென்று ஒரு விழுங்கு. நுரை இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.

புதுக் கிண்ணத்தில், வேறு மூலையில், மருந்து படாத மீன் வைத்தார்கள். மேனேஜர் முகர்ந்தது. மூன்று பேரையும் சந்தேகமாகப் பார்த்தது. ஒரு நக்கு. அப்புறம் தலை நிமிரவே இல்லை. மனைவி சுவரில் சாய்ந்து விசும்பினாள்.

"டாக்டரம்மா சொன்ன நாள்வரைக்கும் இப்படித்தான் குடுக்கணும்," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. அது தள்ளாடினா உடனே டாக்டரம்மாவுக்கு ஃபோன் பண்ணணும். பொடிக்கிற கரண்டியை இப்பவே குப்பையில போடுங்க."

லிஃப்ட்காரர் போட்டார். தம்பி சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு நின்றான், நாக்கு இன்னும் வெளியே.

"மூணு மாடிக்குத் தாராளமா வரும் அத்தான்," என்றான். "காருக்கும்தான்."