சத்தம் வராத சாணை

என் புருசன் ஜவுபர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் ஒருவருக்கும் அப்படித் தோன்றாது.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் வீட்டில் ஒரு கடா, என் பேரில் அறுக்கிற குர்பான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் பேரில் கொடுத்திருக்கிறோம். மவுத்தாகிப்போன அவருடைய வாப்பாவின் பேரில் கொடுத்திருக்கிறோம். ஒருமுறை சவூதியில் இருக்கிற அவருடைய சாச்சாவின் பேரில்கூடக் கொடுத்தோம். என் பேரில் ஒரு கோழி அறுபட்டதில்லை. நோன்பு காலமெல்லாம் தையல் மெஷினில் குந்தி, ஊர்ப் பெண்களுக்கு அபாயா தைத்து, அந்தக் காசில் நாவிதன்வெளிப் பக்கம் ஆளனுப்பி நானே வாங்கிய கடா அது. என் வயிறு குளிர்ந்திருந்தது.

அறுப்பது மட்டும் அவர் வேலை. கத்தி மொட்டையாக இருந்தது. வந்தது வினை.

பெருநாளுக்கு முதல் நாள் கல்முனை பசாரில் போய் கரண்டில் ஓடுகிற சாணை மெஷின் ஒன்று வாங்கி வந்தார். குசினி மேசையில் வைத்து ஓடவிட்டார். முற்றத்தில் பலா இலை தின்றுகொண்டிருந்த கடா தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. இவர் படாரென்று சுவிட்சை நிறுத்தினார்.

அறுக்கப்போகிற உயிரின் முன்னால் கத்தி தீட்டக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணில் காட்டக்கூடாது, அவ்வளவுதான். இவர் அதைக் காதுவரை நீட்டிவிட்டார்.

"காதால கேட்டாலும் கண்ட மாதிரித்தான் புள்ள."

"ஆட்டுக்கு சாணையும் கிரைண்டரும் ஒண்டுதான். சும்மா தீட்டுங்க."

"நீ ஆட்டுக்குள்ள பூந்து பாத்தியா?"

அதற்குப் பிறகு நான் கிரைண்டர் போடும்போதெல்லாம் முற்றத்துக்கு ஓடிப்போய், "இது சம்பலுக்கு, பயப்படாத," என்று கடாவிடம் சொல்லிவிட்டு வந்தார். அஸ்தஃபிருல்லாஹ்! என்னிடம் இப்படி ஒரு நாள் கதைத்ததில்லை இந்த மனிசன்.

அன்றைக்கே திரும்பவும் பசாருக்குப் புறப்பட்டார். நம்பி விட முடியாதென்று நானும் கூடப் போனேன். கடைக்காரத் தம்பி றிஸ்மியிடம், "சத்தம் வராத சாணை இரிக்கா?" என்றார்.

"ஒங்களுக்குக் கூர் வேணுமா, சத்தம் வராம இரிக்க வேணுமா காக்கா?"

"கூர மறுகாப் பாப்பம்."

றிஸ்மி சாணைக்கல் எடுத்துப் போட்டான். இரும்புக் கோல் எடுத்துப் போட்டான். கத்தியை நடுவில் விட்டு இழுக்கிற பிளாஸ்டிக் சாமான் ஒன்றையும் போட்டான். இவர் ஒவ்வொன்றிலும் கத்தியை இழுத்து, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். சாமான் வாங்க வந்த சனமெல்லாம் மூச்சுக் காட்டாமல் நின்றது. ஒரு மனிசன் இருமலை அடக்கி முகமெல்லாம் சிவந்துபோனான். கடைசியில் றிஸ்மி பொறுமை கெட்டு, சில்வர் பாத்திரம் மினுக்குகிற ரப்பர் கட்டி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தான். அதில் சத்தமே வரவில்லை. இவர் முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

பெருநாள் தொழுகை முடிந்து வந்து பகல் முழுக்க அதில் தேய்த்தார். கத்தி பளபளத்தது. ஒரு தக்காளியை வைத்து வெட்டிப் பார்த்தேன். தக்காளி நசிந்தது.

"இதுல முகம் பாக்கத்தான் ஏலும்," என்றேன்.

மொட்டைக் கத்தியால் அறுப்பது, சத்தம் கேட்கத் தீட்டுவதைவிடப் பாவம் என்று அவருக்கும் தெரியும். பெருநாள் அப்படியே போனது.

மறுநாள், றிஸ்மியிடம் சேர்த்து வாங்கியிருந்த சாணைக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, ஆடு மாடு கட்டாத வளவு தேடிச் சந்து, ஒழுங்கை முழுக்க நடந்தார். எங்கள் ஊரில் அந்தப் பெருநாள் கிழமை அப்படி ஒரு வளவு கிடைக்குமா? பாண்டிருப்பில் இருக்கிற கூட்டாளி அழகரெத்தினத்தின் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு பசு நின்றது.

"அது பால் மாடு கூட்டாளி. அதுக்கும் ஒங்கட பெருநாளுக்கும் என்ன?" என்று அழகரெத்தினம் கேட்டாராம்.

"இருந்தாலும் மாடுதானே. மனசு நோகும்," என்று சொல்லி, அந்த மாட்டின் பாலிலேயே நல்ல தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டு, தீட்டாத கத்தியோடு வந்து சேர்ந்தார்.

அடுத்த நாள் ஒழுங்கையில் எங்கள் கடாவைத் தவிர ஓர் உயிரும் மிச்சமில்லை. பக்கத்து வீட்டு ஸஹீத் வளவில் போய்த் தீட்டச் சொன்னேன்.

"அங்க மதில்ல தோல் காயுது."

"தோலுக்குக் காது கேக்குமா?"

"காதும் தோல்தானே சபூறா."

வீடு வீடாக எங்களுக்கு இறைச்சி வந்து குவிந்தது. வாங்கி வாங்கி என் கை கூசியது. திருப்பிக் கொடுக்க ஒரு துண்டு இல்லை. குர்பானுக்குப் பெருநாளும் அதன் பின்னால் மூன்று நாளும்தான் தவணை. அது தாண்டி அறுத்தால் வெறும் இறைச்சி, என் பேரில் ஒன்றும் எழுதப்படாது.

கடைசி நாள் பின்னேரம் அஸர் பாங்கும் சொல்லியாயிற்று; மஃரிபுக்குப் பொழுது சாய்ந்தால் தவணை முடிந்தது. இவர் கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கடாவுக்கு இலை ஊட்டிக்கொண்டிருந்தார்.

"சபூறா, அடுத்த வருசம் பாப்பமா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அழுகை வந்துவிட்டது.

"அடுத்த வருசம் நான் ஹயாத்தோட இரிப்பன் எண்டு ஒங்களுக்கு ஆரு சொன்ன? சாச்சாட பேருக்கு அறுக்கக்குள்ள இந்தக் காதெல்லாம் எங்க போயிருந்த?"

நான் கத்தியைப் பறித்து முந்தானைக்குள் ஒளித்தேன். கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன்.

"கத்திய ஊரெல்லாம் கொண்டு திரிஞ்சது போதும். ஆட்டக் கடக்கரைக்குக் கொண்டு போங்க. அங்க அல இரைச்சலுக்கு ஒண்டும் கேக்காது."

இப்படியும் செய்யலாம் என்பது இத்தனை நாளும் அவர் புத்தியில் ஏறவேயில்லை. தலையைக் குனிந்துகொண்டு கடாவோடு நடந்தார். அவர் முதலில் வாங்கிவந்த கரண்ட் மெஷினை நான் எடுத்து ஓடவிட்டு, என் ஆத்திரம் தீரத் தீரத் தீட்டினேன். தாளை வைத்து இழுத்தேன். இரண்டாகப் போனது.

அவர் திரும்பி வரும்போது வெயில் தென்னைக்குக் கீழே இறங்கியிருந்தது. கடாவைத் தொழுகிற திசையான கிப்லாப் பக்கம் கிடத்தினோம். கத்தியை மறைத்துக் கொடுத்தேன்.

"என்னோட கடக்கரைக்கு வந்த ஆடு புள்ள இது. எனக்கு ஏலாது."

"இஞ்ச தாங்க."

"பொம்புள அறுத்தாக் கூடுமா?"

"கூடும். சந்தேகமெண்டா மஃரிபுக்குப் பொறகு மௌலவிட்டக் கேளுங்க. இப்ப காலப் புடிங்க."

காலைப் பிடித்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பழக்கத்தில், "ஜவுபர்ட பேருக்கு..." என்று தொடங்கினார். முழங்கையால் ஓர் இடி கொடுத்தேன்.

"சபூறாட பேருக்கு," என்றார், கடாவுக்குக் கேட்காத குரலில்.

"சத்தமாச் சொல்லுங்க."

"சபூறாட பேருக்கு!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். நான் பிஸ்மில்லாஹ் சொன்னேன்.